கடன் ஆலோசனை சொல்லப் பழகுபவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

கடன்பட்டவர் கையில் காசு வந்ததும் யாருக்கு முதலில் கட்டுகிறார்? வாசலில் வந்து நின்று அதிகம் சத்தம் போடுபவருக்கு. மின்சார சபை சத்தம் போடாது. சிவப்பு அறிவித்தலை அனுப்பிவிட்டு ஒருநாள் வந்து இணைப்பைத் துண்டிக்கும். வங்கியில் கிடக்கும் தாலிக்கொடியும் சத்தம் போடாது. தவணை கடந்தால் ஏலத்துக்குப் போகும். வட்டிக்காரரும், சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்று எடுக்கும் குழுக்கடனை வசூலிக்க வருபவரும்தான் சத்தம் போடுகிறார்கள். அதனால் காசு அவர்களிடம் போகிறது, வீட்டுக்கு வேண்டியது கைநழுவுகிறது. இந்த வரிசையைத் திருப்பி அடுக்க உதவுவதே கடன் ஆலோசகரின் வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஆயத்தம்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர்கள் மிகக் குறைவு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, கூட்டுறவுச் சங்கக் கணக்காளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர் என்று யாரிடமாவது ஒருவர் வந்து அழுவார். கேட்டவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். பிரித்தானியாவில் பிரஜைகள் ஆலோசனை நிலையங்கள் 1939ஆம் ஆண்டிலிருந்து தொண்டர்களைப் பழக்கி இதே வேலையைச் செய்துவருகின்றன. அவர்களின் ஒழுங்கு எளிமையானது: எல்லாக் கடனையும் எழுது, அவசரமானதைப் பிரி, வரவு செலவைப் பார், வழிகளைச் சொல், முடிவைக் கடனாளியிடமே விடு. அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து கடனாளிக்கு 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் சட்டப்படி கிடைக்கிறது. இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "கடனை ரத்துச் செய்யலாமாம்" என்று வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உட்காரும் முன்னர்

சில கட்டுப்பாடுகளை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆலோசனை கேட்டு வந்தவரின் காசை உங்கள் கையால் வாங்கி யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ஒரு கடன் நிறுவனத்துக்கோ காப்புறுதிக்கோ முகவராக இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இரண்டும் ஒரு கையில் நிற்காது. "அந்தக் கடனை அடைக்க இந்தக் கடனை எடுங்கள்" என்ற பேச்சை உங்கள் வாயிலிருந்து ஒருவரும் கேட்கக் கூடாது. ஒருவரின் கதையை மற்றொருவரிடம் உதாரணமாகக்கூடச் சொல்லாதீர்கள். எங்கள் நகரின் திருக்கடலூரில் ஒழுங்கை முழுவதும் உறவுக்காரர். பெயர் சொல்லாமல் சொன்னாலும் ஆள் யாரென்று விளங்கிவிடும். குறிப்புக் கொப்பியில் பெயருக்குப் பதிலாக இலக்கம் எழுதுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் வேறோர் இடத்தில் பூட்டில் இருக்கட்டும்.

இடமும் முக்கியம். குழுக்கடன் கூட்டம் நடக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வைத்து ஒரு பெண்ணிடம் கடன் கதை கேட்டால் அவர் பாதியைத்தான் சொல்வார். பிரதேச செயலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ அவர் வரும் நாளில், வேறு வேலையோடு வேலையாகச் சந்திப்பது நல்லது.

முதல் சந்திப்பு

முதல் முக்கால் மணி நேரம் எழுதாதீர்கள், கேளுங்கள். வந்தவர் பெரும்பாலும் ஒரு கடனைப் பற்றி மட்டுமே பேசுவார். அன்று காலை யார் ஏசினாரோ அவருடைய கடன் அது. மற்றவை வெட்கத்தில் மறைந்திருக்கும். "அக்கா, இதைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்க இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிழமைக் கடன் எத்தனை? மாதக் கடன்? வங்கியில் நகை? தனியார் அடகுக் கடையில்? லீசிங்கில் (தவணைக்கு) எடுத்த வாகனம்? கடைக் கொப்பி? சீட்டு எடுத்துவிட்டுக் கட்ட வேண்டியது? தம்பி, தங்கையிடம் கைமாற்று? கைத்தொலைபேசியில் எடுத்த கடன்? வேறொருவருக்காகப் போட்ட பிணை? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. மற்றவர் கடன் தன் தலையில் விழும் நாள்வரை அதைத் தன் கடனாக யாரும் எண்ணுவதில்லை.

கணவனுக்குத் தெரியாமல் எடுத்த கடனும் மனைவிக்குத் தெரியாமல் எடுத்த கடனும் உண்டு. இருவரும் சேர்ந்து வந்தால் ஒரு கட்டத்தில் தனித்தனியாகவும் பேசுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் கடன் கணக்கு அப்படியே நிற்கட்டும்; பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938 முதலில் வரவேண்டும்.

இன்னொன்றையும் நேராகக் கேட்கப் பழகுங்கள். "செத்துப்போனால் நல்லது என்று நினைப்பு வருகிறதா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்கும்போதுதான் பலர் வாய்விட்டுச் சொல்கிறார்கள். "வருகிறது" என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926. மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவதும் உங்கள் வேலைதான்.

துண்டுகளை ஒரு மேசையில் பரப்புதல்

இரண்டாம் சந்திப்புக்கு வீட்டிலுள்ள எல்லாக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பொலித்தீன் பைக்குள் மடித்துவைத்த அடகுச் சீட்டு, குழுக்கடன் அட்டை, மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல், லீசிங் ஒப்பந்தம், வங்கிப் புத்தகம் எல்லாம் வரட்டும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யாரிடம், எப்போது எடுத்தது, கையில் உண்மையில் கிடைத்த தொகை, தவணை, இதுவரை கட்டியது, நிலுவை, ஈடாகக் கொடுத்தது, பிணையாளி. "கையில் உண்மையில் கிடைத்த தொகை" என்ற பத்தியை மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் 50,000 என்று இருக்கும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று கழித்தபின் கைக்கு வந்தது அதைவிடக் குறைவாக இருக்கும்.

எந்த நிறுவனத்தில் எவ்வளவு நிலுவை என்றே தெரியாதவர்களுக்கு இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை உதவும். மக்கள் வாயில் அது "கிரிப்". 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பணியகம் அது. ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே கேட்டுப் பெறலாம். "கிரிப்பில் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவோம்" என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஒழுங்காகக் கட்டியதும் கட்டாததும் இரண்டுமே பதிவாகும், அவ்வளவுதான். ஊர் வட்டிக்காரர், கடைக் கொப்பி, சீட்டு ஆகியவை அந்த அறிக்கையில் வராது. ஆகவே அறிக்கை வந்தாலும் பட்டியல் முழுமையாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

வட்டியைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்

ஆலோசனை சொல்ல வரும் பலர் தயங்கும் இடம் இதுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் ஒன்றும் இல்லை.

50,000 ரூபாய்க் கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கட்டுவது 65,000. வட்டி 15,000. "ஆண்டுக்கு 30 வீதம்தானே" என்பார்கள். ஆனால் அந்த 50,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. முதற் கிழமையிலிருந்தே முதல், அதாவது வாங்கிய தொகை, குறைந்துகொண்டு வருகிறது. ஆறாம் மாதத்தில் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். குறைந்துவரும் நிலுவைமீது கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 54 வீதம் அளவில் வரும். அத்தோடு தொடக்கத்திலேயே 2,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 47,500 மட்டும் கொடுத்திருந்தால் அது 65 வீதத்தைத் தொடும். நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: சமமான தவணைகளில் கட்டும் கடனுக்கு அவர்கள் சொல்லும் நிலையான வட்டியை இரண்டால் பெருக்குங்கள், கொஞ்சம் குறையுங்கள், உண்மைக்கு அருகில் வந்துவிடுவீர்கள்.

ஊர் வட்டி வேறு விதம். "நூற்றுக்குப் பத்து" என்றால் மாதத்துக்கு. ஆண்டுக்கு 120 வீதம். 50,000 வாங்கியவர் மாதம் 5,000 கட்டினால் பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகப் போயிருக்கும். முதல் ஒரு சதமும் குறைந்திருக்காது. இதைக் கடனாளியின் முன்னாலேயே, அவர் கையாலேயே எழுத வையுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அவர் எழுதிப் பார்ப்பது ஆழமாகப் பதியும். நாள் கணக்கில் ஏறும் மீற்றர் வட்டிக்கும் இதேபோல எழுதிப் பாருங்கள்.

2018இல் மத்திய வங்கி, தன் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகள் குழுக்கடன் போன்ற நுண்கடனுக்கு அறவிடும் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. இப்போது என்ன வரம்பு நடைமுறையில் இருக்கிறது என்பதை மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம். தனியார் வட்டிக்காரருக்கும் சட்டம் இருக்கிறது. கடன் கொடுப்பவர்கள் தொடர்பான 1918ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, மிகையான வட்டி என்று கண்டால் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டிக்காரர் வீட்டுக்குச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையில் நம் பக்கத்திலும் ஒரு பலம் இருக்கிறது என்று கடனாளி அறிந்திருக்கட்டும்.

எது முதலில்?

பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கட்டாவிட்டால் எதை இழப்பார்?

கூரை, மின்சாரம், தண்ணீர், தொழில் செய்யும் கருவி, காணி உறுதி, நகை, உயிருக்கான பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடுபவை முதல் வரிசை. ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு லீசிங் தவணை முதல் வரிசை. வீட்டில் நிற்கும் இரண்டாவது மோட்டார் சைக்கிளின் லீசிங் அப்படி இல்லை. அதை விற்றுக் கணக்கை முடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். காசோலை கொடுத்துப் பெற்ற கடனும் முதல் வரிசைதான். வெறும் கடனைக் கட்டாததற்காகப் பொலிஸ் யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியாது. அது குடியியல் விடயம். ஆனால் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பொலிஸில் கொடுப்பேன்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தே மின்சாரக் காசை எடுத்து வட்டிக்குக் கட்டும் வீடுகள் எத்தனையோ.

குழுக்கடனை எங்கே வைப்பது என்பது கடினமான கேள்வி. சட்டப்படி அதற்கு வீடோ நகையோ ஈடில்லை. ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற உறுப்பினர்கள் கட்ட வேண்டும். அவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களின் தாய்மார். "குழுக்கடன் இரண்டாம் வரிசை" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடலாம்; அந்த ஒழுங்கையில் இருக்கப்போவது அவர்தான். என் அபிப்பிராயம் இது: நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாம் வரிசை, அயலவருக்கு உண்மையைச் சொல்வது முதல் வரிசை. குழுவில் உள்ளவர்களோடு முன்கூட்டியே பேசி, எல்லோரும் சேர்ந்து தவணையைக் குறைக்கக் கேட்பது தனியாளாகக் கேட்பதைவிடப் பலமானது.

அடகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்களின் சேமிப்பு முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. சீட்டில் உள்ள முடிவுத் திகதியைப் பெரிய எழுத்தில் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று திகதிக்கு முன்னரே கேளுங்கள். பவுண் விலை ஏறியிருக்கும் காலத்தில் நகையின் பெறுமதி கடனைவிட மிக அதிகமாக இருக்கலாம். அப்போது பல உருப்படிகளில் ஒன்றை மீட்டு விற்று மற்றதைக் காப்பாற்றுவது, எல்லாம் ஏலத்தில் போவதைவிட நல்லது. தாலிக்கொடியா, வளையலா, மகளுக்கென்று வைத்த சங்கிலியா, எதை விடுவது என்ற முடிவில் நீங்கள் தலையிடக் கூடாது. கணக்கைக் காட்டிவிட்டு அமைதியாக இருங்கள். ஏலம் போய்விட்டாலும் கடன், வட்டி, செலவு கழிந்து மீதி இருந்தால் அது நகைக்காரருக்கே சேர வேண்டியது. கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.

வரவு செலவு: எங்கள் காலநிலையோடு

மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட வரவு செலவுப் படிவம் இங்கே பலருக்குப் பொருந்தாது. கடற்றொழிலாளிக்குக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் கடல் கொடுக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்பவருக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டில் இரண்டு முறைதான் காசு. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்பவருக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஓரளவு கை நிறையும். இப்படிப்பட்ட வீட்டுக்குக் கிழமை தவறாமல் கட்டும் கடனைக் கொடுத்தால் வருமானமில்லாத மாதங்களில் அவர் இன்னொரு கடன் எடுத்துத்தான் கட்டுவார். கடன்மேல் கடன் ஏறுவதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று சொல்பவர்கள் இந்த நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது கணக்குப் பழகுவதற்காக நான் அமைத்தது. கணவர் மற்றவர் வள்ளத்தில் போகிறார். மனைவி காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். நல்ல காலத்தில், எட்டு மாதம், வரவு 73,000. கடல் கொந்தளிக்கும் நான்கு மாதம் 38,000. கடன் தவிர்ந்த வீட்டுச் செலவு மாதம் 46,000. நல்ல மாதத்தில் 27,000 மிச்சம். கெட்ட மாதத்தில் 8,000 பற்றாக்குறை. எட்டு மாத மிச்சம் 2,16,000. நான்கு மாதப் பற்றாக்குறை 32,000. ஆண்டு முழுவதற்கும் கடனுக்கென்று இருப்பது 1,84,000. மாதத்துக்கு 15,300 அளவில்.

இப்போது கடன். இரண்டு குழுக்கடன்கள், கிழமைக்கு 1,250உம் 1,600உம், நிலுவை 40,000உம் 60,000உம். இங்கே ஒரு பொறி உண்டு. கிழமைத் தவணையை நான்கால் பெருக்கி மாதக் கணக்கு எழுதுவார்கள், அது 11,400. ஆண்டுக்கு 52 கிழமை. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 12,350. மாதம் 950 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிப்பது இதனால்தான். வட்டிக்காரருக்கு முதல் 50,000, வட்டி மட்டும் மாதம் 5,000. அடகு நகைக்கு மாதம் 2,500 ஒதுக்க வேண்டும். கடைக் கொப்பியில் 18,000. மின்சார நிலுவை 7,400, சிவப்பு அறிவித்தல் வந்துவிட்டது.

குழுக்கடனும் வட்டியும் மட்டும் 17,350. இருப்பதோ 15,300. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மூடாது. இதை அந்த வீட்டார் கண்ணால் பார்க்கும்போது முகம் மாறும். "நான்தான் கெட்டிக்காரத்தனம் இல்லாதவள் என்று நினைத்திருந்தேன்" என்ற குற்றவுணர்வு அங்கேதான் இறங்குகிறது.

வரிசைப்படி போவோம். முதல் இரண்டு மாதம் மின்சாரத்துக்கு 3,700 வீதம். தவணையில் கட்ட மின்சார சபை அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டும். அடகுக்கு மாதம் 2,500. கடைக்காரருக்கு 1,800, பத்து மாதத்தில் முடியும். அரிசியும் பருப்பும் கடனுக்குத் தருபவர் அவர். அந்தக் கதவு அடைபடக் கூடாது. மின்சாரம் தீர்ந்தபின் மீதி 11,000. அதை மூன்று பேருக்கும் நிலுவையின் விகிதத்தில் பிரியுங்கள். மொத்த நிலுவை 1,50,000. 40,000க்கு 2,930, 60,000க்கு 4,400, 50,000க்கு 3,670. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாத பங்கீடு இது. கடன் கொடுத்தவரிடம் "மற்றவருக்கும் இதே விகிதம்தான்" என்று காகிதத்தைக் காட்டிச் சொல்ல முடிகிறது.

நல்ல மாதத்து மிச்சம் 27,000இல் கடனுக்கான 15,300 போக ஒதுக்கும் 11,700 ரூபாயை வேறொரு கணக்கில் போட்டால்தான் கெட்ட மாதங்களில் இது தாங்கும். கார்த்திகையில் வந்து கதவைத் தட்டியவரிடம் அந்தச் சேமிப்பு இருக்காது. அவருக்குப் பங்குனிவரை சிறு தொகையாகக் கட்டவும், பிறகு கூட்டவும் கேட்க வேண்டும்.

வரவுப் பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவுக்கு உரித்திருந்தும் பட்டியலில் விடுபட்டவரா? முதியோர், சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளி எவரேனும் வீட்டில் இருக்கிறார்களா? கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பள்ளிவாசல் ஸகாத் நிதியிலிருந்து கடனாளிகளுக்கு உதவ இடமுண்டு; கடனில் அகப்பட்டவர் ஸகாத் பெறத் தகுந்தவர்களில் ஒருவர். வட்டிக்கு வாங்கியதை அங்கே வெளியில் சொல்ல மிகவும் கூசுவார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நீங்கள் உட்காரவில்லை என்பதை முதல் வார்த்தையிலேயே உணர்த்திவிடுங்கள்.

பேச்சுவார்த்தை

வாயால் பேசியது காற்றோடு போகும். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள்: கடன் இலக்கம், இதுவரை கட்டியது, வரவு செலவின் சுருக்கம், இனி மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதம், தண்ட வட்டியை நிறுத்தும்படி வேண்டுகோள். இரண்டு பிரதி; ஒன்றில் பெற்றதாக முத்திரையும் திகதியும். கிளை வாங்க மறுத்தால் பதிவுத் தபால். கடிதம் கடனாளியின் பெயரில், அவர் கையெழுத்தோடு, அவர் வாசித்து விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். பதில் வரும்வரை சொன்ன தொகையைக் கட்டத் தொடங்கிவிடச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டோடு.

இரவில் வீட்டுக்கு வந்து நிற்பது, பிள்ளைகள் முன்னால் ஏசுவது, அயலாரிடம் சொல்லி அவமானப்படுத்துவது போன்றவை நடந்தால் திகதி, நேரம், பேசிய சொல் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023இல் வந்திருக்கின்றன. முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில். பயனில்லை என்றால் மத்திய வங்கியின் 1935. வங்கி, நிதிக் கம்பனி என்றால் நிதிக் குறைகேள் அதிகாரியும் உண்டு, அந்தச் சேவைக்குக் கட்டணமில்லை. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருக்கிறது. கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று முதலில் பாருங்கள். பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அனுமதியே இல்லாத ஆளிடம் வாங்கியதற்கு அந்த வழி குறுகியது. மிரட்டல் என்றால் பொலிஸ், தொகைபற்றிய தகராறு என்றால் பிரதேசத்து மத்தியஸ்த சபை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்தச் சபைகளில் ஊரில் மதிப்புள்ளவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறு தொகைக் கடன் வழக்குகள் பல அங்கேயே தீர்கின்றன. வட்டிக்காரர் கேட்பதில் எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி என்று உங்கள் காகிதம் பிரித்துக் காட்டினால் சபையில் அது பெரிய துணை. நீதிமன்ற அழைப்பாணை வந்துவிட்டால் உங்கள் எல்லை முடிந்தது. அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு அனுப்புங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவச உதவி கிடைக்கும். அழைப்பாணையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்தால் அவர் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும்.

பழைய கடன்கள் சட்டத்தரணியிடம் போகும்போது ஆண்டுக் கணக்கும் போகட்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய் ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு என்பது பொது விதி. இடையில் ஒரு தவணை கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும். அதனால் பழைய கடனுக்குக் கடிதம் எழுதும் முன்னர் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

ஏ.ரி.எம். அட்டையையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் வட்டிக்காரர் பிடித்து வைத்திருப்பது இங்கே சாதாரணம். அட்டையை வங்கியில் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் மறுநாள் வாசலில் யார் வந்து நிற்பார் என்பதையும் சேர்த்து யோசித்தே அந்த அடியை எடுக்க வேண்டும். வீட்டில் ஆண் துணை இல்லாத பெண் என்றால் அயலில் யாருக்குச் சொல்லிவைப்பது, பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பிரிவில் யாரைக் காண்பது என்பதை முதலில் ஒழுங்குசெய்யுங்கள்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை நிபந்தனைகளோடு அரசு தள்ளுபடி செய்தது. 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். இவற்றைச் சொல்லி "இன்னொரு தள்ளுபடி வரும், காத்திருப்போம்" என்பவர்கள் உண்டு. பெண்கள் கூடிக் கேட்பது நியாயம். அதற்குத் துணை நில்லுங்கள். காத்திருக்கும் மாதங்களில் வட்டி நிற்காது என்பதையும் சொல்லுங்கள்.

முடித்துவைத்தல்

ஒரு மாதம் கழித்து மறுபடி சந்தியுங்கள். திட்டம் உடைந்திருந்தால் ஏச வேண்டாம். எந்தக் கிழமை, எந்தச் செலவில் உடைந்தது என்று பார்த்துத் தொகையைக் குறைத்து எழுதுங்கள். பிறகு போகத்துக்கு ஒருமுறை, கடல் மாறும்போது ஒருமுறை.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வைக்க வேண்டும். கொடுத்த வாக்குறுதிப் பத்திரம், வெற்றுத் தாள், காசோலை, காணி உறுதி எல்லாம் கைக்குத் திரும்ப வேண்டும். உறுதிமேல் ஈடு பதிவாகியிருந்தால் காணிப் பதிவகத்தில் அது நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிணை நின்றவருக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி போகட்டும். சில மாதம் கழித்து கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை மறுபடி எடுத்து, அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு கடன் கொடுத்த நிறுவனத்திடமே திருத்தம் கேளுங்கள்.